சத்தமாக ஒரு அதிகாரம்

ஜனவரி 1, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் சுகாதார நிலையத்தில் நர்சுகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருமல் மருந்து விளம்பரம். பரவாயில்லை. இதில் நான் எழுதப் போவது மூன்றே விஷயம்: தேதி, அதிகாரம், ஒரு டிக். கதை எழுத எனக்கு நேரம் கிடையாது.

இன்று முதல் நாள் என்பதால் காரணத்தை மட்டும் எழுதிவிடுகிறேன். நேற்று ஞாயிறு பள்ளியில், யார் யார் வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் மகள் ஷைனி எட்டாம் வகுப்பு. எழுந்து நின்று, "எங்க வீட்ல கரையான்தான் டீச்சர் வாசிக்கி" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லும்போது டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு மானமே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த வேதாகமத்தை இறக்கிப் பார்த்தேன். கரையான் இல்லை. தூசிதான். பதினான்கு மாதத் தூசி.

ஆகவே தீர்மானம் எடுத்தாயிற்று. தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு அதிகாரம், ஆதியாகமத்திலிருந்து. இருபது வருஷமாக ஊசி போடுகிறவள் நான். ஒரு வேலையைத் தொட்டால் விட மாட்டேன். சத்தமாகத்தான் வாசிப்பேன், மனதுக்குள் வாசித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். உட்காருகிற இடம் அடுக்களை வாசல், அடுப்பில் பால் இருக்கும். அங்கே உட்கார்ந்து வாசித்தால் முன்னறையில் காப்பி குடிக்கிற இவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கும் என்பது தற்செயல்.

1-ஆம் அதிகாரம். டிக்.

ஜனவரி 2, செவ்வாய்

2. டிக். பால் பொங்கிவிட்டது.

ஜனவரி 4, வியாழன்

குழாயடியில் லீலா அக்கா கேட்டார்கள்: "ஏட்டி எப்சி, காலங்காத்தால யாருக்குப் பிரசங்கம் பண்ணுத?"

"எனக்குத்தான்க்கா" என்றேன்.

"உனக்கு மட்டும் கேக்கதுக்கா அவ்வளவு சத்தம்?"

லீலா அக்கா இவருடைய அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. சொல்லப்போனால் ஒரே வீடுதான். சபையில் உபதேசியாராக இருந்த என் மாமனார் நடுவில் ஒரு சுவர் எழுப்பி மகன்கள் இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். சிமெண்டில் சிக்கனம் பிடித்திருக்கிறார். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடினால் இந்தப் பக்கம் பேச்சு கேட்காது. பின்வாசலில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு நடுக்கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது.

துருப்பிடித்த கதையையும் எழுதிவிடுகிறேன். சபைக் கமிட்டித் தேர்தலில் இவர் நின்றார். மூன்று வருஷம் கமிட்டியில் இருந்துவிட்டு இரண்டாம் தடவையாக நின்றார். எதிரே நின்றது லீலா அக்காவின் தம்பி. 143-க்கு 142. ஒரே ஒரு ஓட்டில் இவர் தோற்றார். அந்த ஓட்டு அண்ணன் போட்ட ஓட்டு என்று இவர் அங்கேயே முடிவு கட்டிவிட்டார். மறுநாள் இவருடைய அண்ணன் கிதியோன் அத்தான் வீடு தேடி வந்தார். அவர்கள் அப்பாவின் வேதாகமத்தின் மேல், அதாவது நான் இப்போது வாசிக்கிற இதே வேதாகமத்தின் மேல், கையை வைத்து, "உனக்குத்தாம்ல போட்டேன்" என்றார். இவர், "பொய்ச்சத்தியம் பண்ணாத" என்றார். அத்தான் முகம் வெளுத்துவிட்டது. நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் டீ குடிக்கவில்லை.

பொய்ச்சத்தியம் பண்ணின புஸ்தகத்தைத் தொட மாட்டேன் என்று இவர் அன்றைக்குச் சொன்னார். சாயங்கால ஜெபம் நின்றது. இவர் கோயிலுக்குப் போவதும் நின்றது. அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது.

அந்த ஓட்டைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. மறுபடி இந்த வீட்டில் வாசிப்பு தொடங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

4. டிக்.

ஜனவரி 7, ஞாயிறு

ஸ்கூட்டரில் எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு இவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம். அந்தக் கடைக்காரர் இவரைக் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிதியோன் அத்தான் வந்திருந்தார். திருவிருந்து அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தபோது அவர் எழவில்லை. தம்பிக்குத் தன்மேல் குறை இருக்கிறபோது பந்தியில் முழங்கால் போட மாட்டாராம். பதினான்கு மாதமாக இப்படித்தான். அவரைத் தாண்டித்தான் நான் நடந்து போக வேண்டும். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே போய்விடுவேன்.

7. டிக்.

ஜனவரி 10, புதன்

தடுப்பூசி நாள். எட்டு மணிக்கு ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் ஏற வேண்டும். அவசரமாக வாசித்தேன். பத்தாம் அதிகாரம் முழுக்கப் பெயர்கள். நோவாவின் பேரப் பிள்ளைகளை ஒருத்தர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். "அர்பசாத்" என்று வாசித்ததுதான் தாமதம், முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அர்பக்சாத்!"

தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு இவர் வாயிலிருந்து வந்த முதல் வேத வார்த்தை.

"என்னது?" என்றேன்.

"அர்பக்-சாத். 'க்' எங்க போச்சு? வாசிக்கதா இருந்தா ஒழுங்கா வாசி. இல்லன்னா விட்டுரு."

சொன்னவர் தான் சொன்னதை உணர்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

இங்கே ஒன்று எழுத வேண்டும். மாமனார் இரண்டு மகன்களுக்கும் சொத்து என்று கொடுத்தது இந்த வீடும் உச்சரிப்பும்தான். வேதத்தில் ஒரு பெயரைத் தப்பாக வாசித்தால் முழங்கால் போட வைப்பாராம். கோயிலில் பாடம் வாசிக்க இரண்டு பேரும் எழுந்தால் பின்வரிசைக் கிழவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் நாள் முழுதும் கிரீஸில் கிடக்கிற மனிதருக்கு, நேபுகாத்நேச்சார் என்று சொல்லும்போது மட்டும் ஒரு கம்பீரம் வரும். அதைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன் என்பதை இவரிடம் இதுவரை சொன்னதில்லை.

10. டிக். பெரிய டிக்.

ஜனவரி 14, ஞாயிறு

இன்றைக்கு ஒரு ராஜா. கெதர்லாகோமேர். ஒரே அதிகாரத்தில் பல தடவை வருகிறார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"கெதல்கோமர்" என்றேன்.

"கெதர்லாகோமேர்" என்றார்.

"கெதர்கோலமேர்" என்றேன்.

"கெதர்-லா-கோமேர்! எப்சி, உனக்கு நாக்குல என்ன?"

"கெதலாகோம..." என்று ஆரம்பித்தபோது ஷைனி படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "யம்மா, எனக்கே வருது உங்களுக்கு வரலையா?" என்றாள்.

முதல் தடவை உண்மையிலேயே எனக்கு வரவில்லை. மற்ற இரண்டைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கிதியோன் அத்தான் பலமாக இருமினார். வரிசையாக மூன்று தடவை. பனிக்காலம், வயசும் அறுபதைத் தொடுகிறது. லீலா அக்காவிடம் சொல்லி வைக்க வேண்டும்.

14. டிக்.

ஜனவரி 18, வியாழன்

இவருடைய நாற்காலி முன்னறை ஜன்னலோரம் இருக்கும். இன்று தரை துடைக்கும்போது பார்த்தேன். இரண்டு டைல்ஸ் அளவு உள்ளே வந்திருக்கிறது. நான் நகர்த்தவில்லை. ஷைனியும் நகர்த்தவில்லை. இதே வேகத்தில் போனால் மார்ச்சில் அடுக்களை வந்து சேர்ந்துவிடும்.

18. டிக்.

ஜனவரி 20, சனி

நேற்று வாசிக்கவில்லை. ஷைனிக்கு அறிவியல் படம் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது, மாவும் புளித்துவிட்டது, ஒரு பிரசவ கேஸுக்கு ஐந்து மணிக்கே போன். காரணம் என்னவானாலும் வாசிக்காதது வாசிக்காததுதான். டிக் போடவில்லை. இன்று இரண்டு அதிகாரமாக வாசித்தேன். ஒருநாள் விட்டால் மாத்திரையை இரட்டிப்பாகப் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். இது மாத்திரை இல்லை.

19, 20. டிக், டிக்.

ஜனவரி 23, செவ்வாய்

லீலா அக்காவிடம் சொன்னேன்: "அத்தானுக்குக் காலையில இருமல் ஜாஸ்தியா இருக்கே. ஒருநாள் கூட்டிட்டு வாங்க, சளி டெஸ்ட் எடுத்துருவோம்."

"அவுகளுக்கு இருமலா? மத்த நேரமெல்லாம் நல்லாத்தான இருக்காவ" என்றார்கள்.

"அஞ்சரை மணிக்குத்தான் வருது. அது பனி இருமல். நான் எவ்வளவு பார்த்திருக்கேன்!"

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

23. டிக்.

ஜனவரி 27, சனி

இன்று ரெபெக்காள். இந்தப் பெண்மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கண் தெரியாத புருஷனை, இளைய மகன் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி அனுப்பி ஏமாற்றுகிறாள். அண்ணனும் தம்பியும் ஜென்மப் பகையாகிறார்கள். பிறகும் அந்த அம்மாள் வாயைத் திறந்து, இதெல்லாம் நான் செய்தது என்று புருஷனிடம் சொன்னதாகத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

கட்டின புருஷனிடம் இப்படி ஒருத்தி இருப்பாளா?

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. ஷைனி குடிக்கவில்லை. இவர் முழுதும் குடித்தார்.

27. டிக்.

பிப்ரவரி 2, வெள்ளி

ரெபெக்காளின் மகன்கள் ஏசாவும் யாக்கோபும் சந்திக்கிற அதிகாரம். இருபது வருஷம் கழித்து, கொல்லப் போகிறான் என்று தம்பி நடுங்கிக்கொண்டு வர, அண்ணன் ஓடி வந்து கட்டிப் பிடித்து அழுகிறான். இந்த அதிகாரத்துக்காக நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் வாசித்தேன்.

இவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார். ஸ்கூட்டர் கிளம்பின பிறகு பார்த்தால் ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறது.

அந்தப் பக்கத்திலும் இன்று இருமல் இல்லை. மருந்து வேலை செய்கிறது போலிருக்கிறது. ஆனால் நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லையே.

33. டிக்.

பிப்ரவரி 5, திங்கள்

ஏசாவின் வம்சம். அகோலிபாமாள் என்று ஒருத்தி. இவர் என்னை நான்கு தடவை திருத்தினார். நாற்காலி இப்போது ஐந்து டைல்ஸ் உள்ளே வந்தாயிற்று. என் முகம் அங்கிருந்து தெரியும். "நீ வேணும்னே பண்ணுதியோ?" என்று சந்தேகத்தோடு கேட்டார். "சேச்சே" என்றேன்.

"நீ வாசிக்கதும் அதிகாரம், பண்ணுததும் அதிகாரம்" என்றார். சிரித்தார். பல் தெரிந்தது. இந்த வீட்டில் அந்தப் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

நான் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு இவரைக் கோயிலில் உட்கார வைத்துவிடுவேன். அப்புறம் அத்தானோடு பேச்சு தானாக வரும். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

36. டிக்.

பிப்ரவரி 6, செவ்வாய்

37. டிக் போடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

யோசேப்பின் கதை எனக்குத் தெரியாததா? ஞாயிறு பள்ளியில் அட்டைப் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தவள்தான் நான். அண்ணன்மார் தம்பியை விற்றுவிட்டு, அவன் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் கொண்டுபோய், இது உம்முடைய மகன் அங்கியா பாரும் என்கிறார்கள். துஷ்டமிருகம் தின்றுவிட்டது என்று கிழவரே முடிவு கட்டிக்கொள்கிறார். அவர்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சும்மா நின்றார்கள்.

அதுவரை வாசித்துவிட்டேன். அடுத்து, அழுகிற அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல எல்லாக் குமாரரும் வந்தார்கள் என்று இருக்கிறது. எல்லாக் குமாரரும். விற்றவர்களும். இத்தனை தடவை படம் காட்டியும் இது என் கண்ணில் பட்டதே இல்லை.

தேர்தல் முடிந்த அன்று வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, "போனாப் போவுது, விடுங்க" என்று இவருக்கு ஆறுதல் சொன்னவள் நான்.

அந்த ஓட்டு என்னுடையது.

எழுதிவிட்டேன். இருமல் மருந்து விளம்பரத்துக்கு மேலே எழுதிவிட்டேன். இனி இந்த டைரியை அரிசிப் பானைக்குள்தான் வைக்க வேண்டும்.

வேண்டுமென்றுதான் போட்டேன். கமிட்டியில் இருந்த அந்த மூன்று வருஷமும் இவர் எங்கள் வீட்டில் இல்லை. இட்லியை வாயில் வைத்துக்கொண்டே போனில் கத்துவார். ஷைனிக்கு டெங்கு வந்து ட்ரிப் ஏறின சாயங்காலம் கோயில் காம்பவுண்டு சுவரின் உயரம் பற்றி மீட்டிங். இன்னொரு மூன்று வருஷமா என்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று லீலா அக்கா தம்பி பேருக்கு நேரே குத்தினேன். எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு ஓட்டுதான்.

மறுநாள் அத்தான் வேதத்தில் கை வைத்தபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். தட்டில் நாலு டம்ளர் இருந்தது. டீ சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 7, புதன்

வாசிக்கவில்லை. தடுப்பூசி. நாற்பத்தொரு பிள்ளைகள். "வலிக்காது, வலிக்காது" என்று நாற்பத்தொரு தடவை பொய் சொன்னேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மத்தியானம், துணை சுகாதார நிலையத்தில் யாரும் இல்லாத நேரத்தில் செல்போனில் திறந்து 37-இன் மீதியையும் 38, 39-ஐயும் வாசித்தேன். சத்தமில்லாமல். தூக்கம் வரவில்லை. மனதுக்குள் வாசித்தால் தூக்கம் வரும் என்று எழுதியிருந்தேனே, அது என்னைப் பற்றி நானே கட்டிவிட்ட வதந்தி.

பிப்ரவரி 11, ஞாயிறு

நான்கு நாளாகத் தனியாகத்தான் வாசிக்கிறேன். யாருக்குக் கேட்க வேண்டும் என்று இல்லாமல் வாசித்தால் வேகம் குறைகிறது. ஒரே வரியில் பத்து நிமிஷம் நின்றுவிடுகிறேன். நேற்றைய அதிகாரத்தை இன்று காலை இரண்டாம் தடவையாக வாசித்தேன், யாரும் கேட்காமலே. டிக் போட மறந்துபோகிறது.

இவருக்குப் பொறுக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டே வந்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார்.

"தொண்டை சரியில்ல."

"நேத்து சாப்நாத்பன்னேயா வந்திருக்கும். யோசேப்புக்குப் பார்வோன் வச்ச பேரு. அத நீ என்ன பாடுபடுத்தப் போறன்னு பார்த்தேன்." குரலில் ஏமாற்றம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காத்திருந்திருக்கிறார்.

கோயிலில் இன்றைக்கும் அத்தானைத் தாண்டித்தான் போனேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தி வரைக்கும் போய்விட்டு, முழங்கால் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

44. யூதா. தம்பியை விற்கலாம் என்று முதலில் யோசனை சொன்னவனே இவன்தான். இன்றைக்கு இவன்தான் முன்னால் வந்து நிற்கிறான். கடைசித் தம்பியை விட்டுவிடும், அவனுக்குப் பதிலாக என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிறான்.

நாளை காலையில் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழகாகச் சொல்லிவிடுவேன், அதுதான் பயம்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஐந்தரைக்கு அடுக்களை வாசலில் உட்கார்ந்தேன். பெரிய வேதாகமம். இவர் அவசரமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாளை எடுக்கவே இல்லை. 45-ஐ ஆரம்பித்தேன். யோசேப்பு அண்ணன்மார் முன்னால் தன்னை அடக்க முடியாமல் சத்தமிட்டு அழுகிறான், பார்வோன் வீட்டார் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடாமல் நிறுத்தினேன்.

"ஏங்க, அந்த ஓட்டு அத்தான் போட்டது இல்ல."

"எந்த ஓட்டு?"

"உங்களத் தோக்கடிச்ச ஓட்டு. அது நான் போட்டது."

முதலில் சிரித்தார். "வெளாடாத."

"வெளாடல."

வலிக்காது என்று நான் சொல்லவில்லை.

"ஏன்?" என்றார்.

ட்ரிப், இட்லி, காம்பவுண்டு சுவர் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு வரிதான் வந்தது. "நீங்க தோத்துட்டா வீட்டுக்கு வந்துருவீங்கன்னு நெனச்சேன்."

இவர் எழுந்து நின்றார். "அண்ணன் இதுமேல கைய வச்சப்ப நீ எங்க நின்ன?"

"அந்தா, அந்த இடத்துல. டீத் தட்டோட."

"நான் என் அண்ணனப் பொய்ச்சத்தியக்காரன்னு சொன்னேன். நீ கேட்டுட்டு நின்ன."

"ஆமா."

காப்பியைத் தொடவில்லை. போய்விட்டார். ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையைத் தாண்டும் வரைக்கும் தாங்கினேன். பிறகு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், எனக்கு மெதுவாக எதுவும் செய்யத் தெரியாது. ஷைனி ஓடி வந்து கட்டிக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் தானும் அழுதாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். "அத்தான், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

லீலா அக்கா இடைமறித்தார்கள்: "காலையிலேயே கேட்டுச்சு. நீ என்னைக்குக் குசுகுசுன்னு பேசியிருக்க?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சாம்பல்.

"பதினஞ்சு மாசம் எப்சி! பதினஞ்சு மாசமா இந்த மனுசன் பந்திக்குப் போகல. ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரியா பார்த்தான். என் தம்பிக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணுனாருன்னு என் காதுபடவே சொன்னாக. நீ டெய்லி என்கூடக் குழாயடியில நின்னு தண்ணி பிடிச்ச. அவுகளுக்கு இருமல்ன்ன, சளி டெஸ்ட் எடுங்கன்ன!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"திட்டுங்கக்கா" என்றேன்.

"திட்டாம என்ன செய்வேன்!" என்று கதவைப் பிடித்தார்கள். சாத்துவதற்குள் அத்தான் தலையைத் தூக்காமலே கேட்டார்: "அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல அத்தான். போயிட்டாக."

"சாப்பிட்டானா?"

"இல்ல."

கதவைச் சாத்திவிட்டார்கள். இவர் ஏழு மணிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷைனியிடம் மட்டும் பேசினார். தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

45-இன் மீதியை எனக்குள்ளேயே வாசித்து முடித்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்தேன். முன்னறையில் பாய் சுருட்டிக் கிடந்தது. ஆள் இல்லை. நாற்காலி பழையபடி ஜன்னலோரம் போயிருந்தது. ஸ்கூட்டர் வாசலில் நின்றது, செருப்பு இல்லை.

வாசிக்க வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்காக வாசிக்க? வாசித்துச் சாதித்ததெல்லாம் போதாதா? ஆனால் ரவையை வறுத்துக் கொட்டிவிட்டு வந்து பார்த்தால், நான் அடுக்களை வாசலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொல்லாமல், எதற்கும் கணக்குப் போடாமல், கால் தானாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. கேட்க ஆளில்லாத வீட்டில் வாயைத் திறந்து, எனக்கு நானே வாசித்தேன்.

46. யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போகிறது. எல்லார் பெயரும் வரிசையாக வருகிறது. கண் கலங்கி எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பென்யமீனின் பிள்ளைகளுக்கு வந்தேன். பேலா, பெகேர், அஸ்பேல். அடுப்பில் கடுகு வெடித்தது. "ரோஷ், முப்பிம், உப்புமா" என்று வாசித்துவிட்டேன். சத்தியமாக இதை வேண்டுமென்று செய்யவில்லை.

"உப்பிம்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒரு குரல் இல்லை, இரண்டு. ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில், மாமனார் சொல்லிக் கொடுத்தபடி.

பிறகு கிதியோன் அத்தான் இருமினார். அது இருமலே இல்லை. ஒரு மாதமாகவே அது இருமல் இல்லை. இருபது வருஷ நர்சு நான், சிரிப்பை அடக்குகிறதுக்கும் சளிக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"உப்புமாவாம்லே" என்று அத்தான் சொல்வது கேட்டது. இவர் பதில் ஏதோ சொன்னார். குரல் கரகரத்திருந்தது. லீலா அக்கா, "ரெண்டு பேரும் காப்பியக் குடிங்க, ஆறுது" என்றார்கள்.

பின்வாசலுக்கு ஓடினேன். நடுக்கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளில் துரு இல்லை, புதுக் கிரீஸ். மோட்டார்க் கடைக்காரர் வேலை.

நான் திரும்பி வந்து, சட்டியில் தண்ணீரும் ரவையும் சேர்த்துவிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் இவர் அந்த வழியாக வந்தார். கண் சிவந்திருந்தது. என்மேல் கோபம் அப்படியேதான் இருந்தது, முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அது சீக்கிரம் போகாது, போகவும் வேண்டாம். என் எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினைந்து மாதமாகத் தொடாத புத்தகத்தை என் மடியிலிருந்து தன் பக்கமாக இழுத்தார். கிரீஸ் படிந்த விரலை அந்த வரியின் கீழே வைத்தார்.

"இது 'ப்பி'. 'ப்பு' இல்ல" என்றார். "மறுபடி வாசி."

அடுக்களையில் உப்புமா தீய்கிற வாசம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வாசித்தேன்.